கோபித்துக்கொண்ட பக்தருக்குப் பெயர் நாத்திகரா?

நடுவர் அவர்களே, வணக்கம். கிறிஸ்தவப் படங்கள் நாத்திகரை நியாயமாகத்தான் காட்டுகின்றன என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். நான் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன். 2014இல் வந்த 'காட்ஸ் நாட் டெட்' என்ற அமெரிக்கப் படத்தை ஆலயத்து நண்பர்களோடுதான் பார்த்தேன். அவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

ராடிசன் என்றொரு தத்துவப் பேராசிரியர். 'கடவுள் இறந்துவிட்டார்' என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று மாணவர்களிடம் கேட்கிறார். நாத்திகரா இவர், 'விசுவாசிக்கிறேன்' என்று ஆலயத்தில் விசுவாசப் பிரமாணம் சொல்லவைக்கிற உபதேசியாரா? ஜாஷ் என்ற மாணவன் மறுக்கிறான். வகுப்பிலேயே வாதம் நடக்கிறது. கடைசியில் என்ன வெளிவருகிறது? பேராசிரியருக்கு 12 வயதில் தாய் புற்றுநோயால் இறந்துபோனாராம். "கடவுளை வெறுக்கிறேன்" என்று கத்துகிறார். "இல்லாத ஒருவரை எப்படி வெறுப்பீர்கள்?" என்று பையன் மடக்குகிறான்.

சரியான கேள்வி நடுவர் அவர்களே! ஆனால் அதைக் கதை எழுதியவரிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? திட்டுவதற்கும் ஒரு தெய்வம் வேண்டும். ராடிசன் கடவுளோடு முறுக்கிக்கொண்ட பக்தர். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று பைபிளில் சங்கீதக்காரனும்தான் கடவுளிடம் கதறினான். அவனை நாத்திகன் என்போமா? திட்டுவதுபோலத் துதிப்பதற்கு நம் புலவர்கள் நிந்தாஸ்துதி என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பேராசிரியரையும் விட்டார்களா? மழையில் கார் மோதிச் சாலையில் கிடக்கிறார். போதகர் மண்டியிட்டுக் கேட்க, மனந்திரும்பிய கையோடு உயிர் போகிறது. இன்னொரு நாத்திகர், காதலிக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கைகழுவுகிற வியாபாரி. மறதி நோயில் கிடக்கும் தாயைப் பார்க்கக்கூட அவருக்கு எளிதில் மனம் வருவதில்லை.

என் சித்தப்பா கடவுள் இல்லை என்பவர். எங்கள் வீட்டுப் பந்தியில் ஜெபம் முடிந்து நாங்கள் ஆமென் சொல்லும்வரை இலையில் கை வைக்காமல் காத்திருப்பார். ரசம் ஆறிவிடுகிறதே என்பது மட்டும்தான் அவருடைய குறை. அவருக்குத் தாய் சாகவில்லை, கார் மோதவில்லை. யோசித்துப் பார்த்தார், நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவர் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறார்?

எதிரணித் தோழி 2017இல் வந்த 'த கேஸ் ஃபார் கிரைஸ்ட்' படத்தைத் துணைக்கு அழைத்தார். ஒப்புக்கொள்கிறேன், அது மேலான படம். நாத்திகரான சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையாளர் லீ ஸ்ட்ரோபெல், கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்று காட்ட ஆதாரம் தேடி அறிஞர்களின் வீட்டுப் படியெல்லாம் ஏறுகிறார். அவரை மூடராகக் காட்டவில்லை. ஆனால் அங்கேயும் ஓர் உளவியல் அறிஞர் வருகிறார். பேர்பெற்ற நாத்திகர்களுக்குத் தந்தையோடு உறவு சரியில்லை என்று எடுத்துச் சொல்லி, உங்கள் தந்தை எப்படி என்று கேட்கிறார்.

அந்தப் படத்தில் எத்தனையோ விசுவாசிகள் வருகிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது அந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்று எதிரணி சொல்லட்டும்; நான் அமர்கிறேன்.