கிளாம்புக்கு அடியில் ஒரு துண்டு டியூப்

நேயர்களுக்கு வணக்கம். 22 வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். புது சைக்கிளில் லைட்டு, கேரியர், குழந்தை சீட்டெல்லாம் பெயின்ட் கெடாமல் எப்படி மாட்டுவது என்று பேசக் கூப்பிட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கடையில் தினமும் ஒருவருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம்தான் இது.

போன மாதம் ஒருவர் வந்தார். மகள் வளர்ந்துவிட்டாள், நடு பாரில் மாட்டியிருந்த குட்டி சீட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். கிளாம்ப், அதாவது குழாயைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிற தகடு, இருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு பெயின்டே இல்லை. நடுவில் தேய்ந்து மினுங்கும் வெறும் இரும்பு, இரண்டு ஓரத்திலும் காவி நிறத்தில் துரு. அவர் முகம் வாடிப்போனது. "பெயின்ட் அழுந்தக் கூடாதுன்னுதானே அண்ணே லூசாவே விட்டு வச்சேன்" என்றார்.

லூசாக விட்டதால்தான் போனது. இறுக்கிப் பிடித்த கிளாம்ப் இடத்தை விட்டு நகராது. லூசான கிளாம்ப் ஒவ்வொரு பள்ளத்திலும் மயிரிழை அளவு அசையும். அந்தச் சந்தில் தெருப்புழுதி புகும். அப்புறம் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரிதான். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் தினமும் ஓடுகிற சைக்கிளில் வருடக்கணக்கில் இந்தத் தேய்ப்பு நடந்தால் எந்த பெயின்ட் தாங்கும்?

அதற்காக வெறும் தகட்டை பெயின்ட் மேல் வைத்து முழு பலத்தோடு முடுக்கவும் கூடாது. பெயின்ட் வெடிக்கும், மெல்லிய குழாயாக இருந்தால் நசுங்கியும் போகும். இடையில் மெத்தென்று, அதே சமயம் வழுக்காத ஒன்று வேண்டும். அதற்குப் பழைய டியூபை விட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. ஒட்டுப்போட முடியாத டியூப் பஞ்சர் கடையில் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே வெள்ளைப் பவுடர் இருக்கும், அது வழுக்கும். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கிளாம்பை விட இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே தெரிகிற அகலத்துக்கு வெட்டுங்கள். குழாயை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் ஒரே சுற்று சுற்றுங்கள். இரண்டு முனையும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அங்கே மட்டும் மேடாகி கிளாம்ப் கோணலாக உட்காரும். இரண்டு போல்ட் இருந்தால் இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்குங்கள். ரப்பர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கி, கையால் திருகினாலும் கிளாம்ப் திரும்பாமல் நின்றால் சரி, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வாரம் ஓட்டியதும் ரப்பர் அழுந்தியிருக்கும். மறுபடி கொஞ்சம் முடுக்க வேண்டும். இதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

டியூபுக்குப் பதில் துணி சுற்றாதீர்கள். துணி மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், கடலோர ஊர்களில் உப்பும் சேரும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். கரண்டு டேப்பும் வேண்டாம், வெயிலில் அதன் பசை இளகி வழுக்கும். பிளாஸ்டிக் டை, அதாவது சுற்றி இழுத்தால் பூட்டிக்கொள்ளும் பட்டை, போடுவதானால் கறுப்பு டை வாங்குங்கள். வெள்ளை டை வெயில் பட்டே சீக்கிரம் ஒடிந்துவிடும். வாலை ஒட்ட வெட்டிவிடுங்கள், குழந்தைகளின் காலைக் கிழிக்கும்.

கேரியர் விஷயம் தனி. மேலே குழாயில் பெயின்ட் உரிந்திருந்தால் நான் முதலில் கீழே, பின் சக்கரத்து அச்சு நட்டைத்தான் பார்ப்பேன். பாரத்தைத் தாங்குவது அங்கே நிற்கிற கேரியர் கால்கள். மேல் கிளாம்பின் வேலை கேரியர் ஆடாமல் பிடித்துக்கொள்வது. கீழே நட்டு தளர்ந்தால் கேரியர் மொத்தமும் ஆடும், மேல் கிளாம்ப் பெயின்டைச் சுரண்டும். மேலே எத்தனை சுற்று ரப்பர் போட்டாலும் அது நிற்காது.

தண்ணீர் பாட்டில் மாட்ட ஃபிரேமிலேயே திருகு துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், பெயின்டைத் தொடவே வேண்டியதில்லை. கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் குழாயைக் கவ்வுகிற எதையும் கம்பெனிக் குறிப்பைப் பார்க்காமல் மாட்ட வேண்டாம். அது நசுங்கினால் நிமிர்த்த முடியாது.

பழைய டைனமோவை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் லைட்டுக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். கரண்டு திரும்பி வருவது ஃபிரேம் வழியாக. அதற்காகவே டைனமோ கிளாம்பில் கூரான சின்னத் திருகு ஒன்று இருக்கும். பெயின்டைத் துளைத்து இரும்பைத் தொடுவதுதான் அதன் வேலை. அங்கே ரப்பர் போட்டுவிட்டு, லைட்டு எரியவில்லை என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ரப்பர் போட வேண்டுமென்றால் டைனமோ உடம்பிலிருந்து லைட்டு உடம்புக்கு இரண்டாவது வயர் இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் கூர்முனையைக் குத்தவிட்டு, சுற்றிலும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், துரு பரவாது.

அந்த அப்பாவின் சைக்கிளில் துருவை எமரி பேப்பரால் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, அதே சிவப்பில் பெயின்ட் பூசிக் கொடுத்தேன். கழற்றிய சீட்டை அவர் தம்பி மகனுக்குத் தருகிறாராம். அந்த வண்டிக்கும் சேர்த்து டியூபில் இரண்டு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு போனார். வணக்கம்.