ஆற்றில போட்டாலும் அளந்து போடு

(நூலக மண்டபத்தில் பேசியதை எழுதித் தரச்சொல்லி நண்பர்கள் கேட்டதால் இது. பேச்சை அதிகம் திருத்தவில்லை.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்ட பிரதேச செயலாளர் அவர்களே, மாநகர சபையிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, வேறொரு கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, காரைதீவிலிருந்தும் கல்முனையிலிருந்தும் பஸ் ஏறி வந்த ஆசிரியர்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் தேநீர் நேரத்தில் வந்து ஏசுங்கள்.

ஆங்கிலச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர் எப்படிப் பிரெஞ்சாக்குகிறார்கள் என்பது தலைப்பு. மட்டக்களப்பில் இதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று வாசலில் ஒருவர் கேட்டார். ஆகும். மூன்று விஷயம் சொல்வேன்: சொல்லை யார் ஆக்குகிறார்கள், யார் ஏற்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்குள் அது எப்படி நுழைகிறது. ‘ஆற்றில போட்டாலும் அளந்து போடு’ என்று அம்மம்மா சொல்லுவா. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது கேட்டுச் சலித்த பழமொழி, ஆனால் இன்றைக்கும் உங்களுக்குத் தப்ப வழியில்லை.

1955-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரான்ஸ் கிளைக்கு ஒரு சிக்கல். புது மெஷின் விற்க வேண்டும், ‘கம்ப்யூட்டர்’ என்று விற்க விருப்பமில்லை. பாரிஸில் லத்தீன் படிப்பித்த ஜாக் பெரே என்ற பேராசிரியரிடம் கேட்டார்கள். அவர் பழைய அகராதியைப் புரட்டி ‘ஓர்தினாத்தர்’ என்று எழுதி அனுப்பினார். உலகத்தை ஒழுங்குபடுத்துகிற கடவுளுக்குச் சொல்லப்பட்ட சொல் அது! கடவுளின் அடைமொழியை மெஷினுக்கு வைத்தார்கள், இன்றைக்குப் பிரான்ஸில் சின்னப் பிள்ளையும் அப்படித்தான் சொல்கிறது. எல்லாச் சொல்லும் இப்படி ஓடுவதில்லை. புல்டோசருக்கு ‘பூத்தர்’ என்று வைத்தார்கள், அதை ஓட்டுகிறவனே புல்டோசர் என்கிறான். மின்னஞ்சலுக்கு, கனடாவில் பிரெஞ்சு பேசுகிற கியூபெக் மாகாணத்தில் பிறந்த ‘கூரியெல்’ 2003-இல் பிரான்ஸின் அரச வர்த்தமானியிலேயே ஏறியது, சனம் இன்னும் மெயில் என்றுதான் கதைக்கிறது. ஆனால் அரசு ஒப்புக்கொண்ட சொற்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பட்டியலில் இருக்கின்றன, இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஆற்றில போட்டாலும் அளந்துதான் போட்டிருக்கிறார்கள்.

இனி யார் ஏற்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். கல்லாற்றில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் பாரிஸ் லாஷப்பலில் கடை வைத்திருப்பவர், பெண்ணின் தாய்மாமன் கியூபெக்கின் மொன்றியலில் இருந்து வந்தவர். ரெண்டு பேருக்கும் பிரெஞ்சு தெரியும் என்று யாரோ சொல்ல, சனம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எங்க, கொஞ்சம் கதைச்சுக் காட்டுங்க” என்றது. பாரிஸ்காரர் தொடங்கினார். ரெண்டு வசனத்துக்குள் ‘வீக்கெண்ட்’ வந்துவிட்டது. மொன்றியல்காரர் கையைத் தூக்கி, “அது இங்கிலிஷ், ஃபேன் து செமேன் எண்டு சொல்லணும்” என்றார். சரி என்று அவர் காரைப் பற்றிப் போனார், ‘பார்க்கிங்’ வந்தது, இவர் ‘ஸ்தாசியோன்மோன்’ என்றார். அவர் ‘ஷொப்பிங்’ என்றார், இவர் ‘மகசினாஜ்’ என்றார். “எங்கட ஊர்ல ரோட்டு முச்சந்தியிலயும் அரே எண்டுதான் போர்டு, உங்கட பாரிஸ்ல ஸ்டொப் எண்டு இங்கிலிஷ்ல போட்டிருக்கானுகள்” என்று இவர் சொல்ல, அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பிரான்ஸ்ல இருக்கிற எனக்கு நீங்க பிரெஞ்சு படிப்பிக்கிறீங்களா மாமா?” சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, யாரும் எழும்பவில்லை. அப்போது வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு மாமி கேட்டா, “பாரிஸ்காரன் சொல்றது எல்லாம் எனக்கும் விளங்குதே, அவன் என்னத்தப் பிரெஞ்சு படிச்சான்?”

சிரிக்கலாம். ஆனால் காரணம் இருக்கிறது. கியூபெக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆங்கிலம். 1961-இலேயே பிரெஞ்சுக்கென்று ஒரு அலுவலகம் வைத்தார்கள், 1977-இல் மொழிச் சாசனம் போட்டார்கள். சுற்றிவரப் பெரிய மொழி நிற்கிறவனுக்குத்தான் சொல்லின் அருமை தெரியும், நமக்குத் தெரியாததா? பிரான்ஸும் 1994-இல் பிரெஞ்சைக் காக்கத் தூபோன் சட்டம் போட்டது. அரசு ஆக்கிய சொல்லைத்தான் தனி ஆட்களும் பாவிக்க வேண்டும் என்று அதில் இருந்த பகுதியை அரசியலமைப்புச் சபை வெட்டிவிட்டது. சரியான வெட்டு. சொல்லைக் கொடுக்கலாம், வாய்க்குள் திணிக்க முடியாது.

நமக்கு இது புதுசு இல்லை. காரைதீவில் 1892-இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1936-இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இந்த மண்ணின் ஆள் போய் அங்கே சொல் ஆக்கினார், இங்கே ஒரு அலுவலகப் படிவத்தில் தமிழ்ப் பகுதியை வாசித்து விளங்காமல் ஆங்கிலப் பகுதியைப் பார்த்து நிரப்பிவிட்டு வந்தேன் நான்.

அதனால் நான் வந்த விஷயம் இதுதான். போடியார், முல்லைக்காரன், வட்டவிதானை, கரைவலை என்று வயலிலும் கடலிலும் எத்தனை சொல் கிடக்கிறது. சூடு மிதிக்கிற களவெட்டியில் மட்டும் பேசுகிற சொற்களைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். புதுச் சொல் ஆக்குகிறவன் முதலில் இருக்கிற சொல்லை எண்ண வேண்டாமா? இந்த நூலகத்தில் ஒரு அலுமாரி, ஒரு பதிவேடு, கிழமையில் ஒரு பின்னேரம் வந்து எழுத ஒரு ஆள், இவ்வளவுதான் கேட்கிறேன். வாவியில போட்டாலும் அளந்து போடுவோம்.

மூன்றாவது விஷயம், பள்ளிக்கூடம். அதற்குள் தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், அதிபர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார். விண்ணப்பம் அந்த மேசையில் இருக்கிறது, நீல அட்டை. போகும்போது கையெழுத்தோடு உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு சொல்லையும் எழுதிவிட்டுப் போங்கள், பேனை கட்டி வைத்திருக்கிறேன். வணக்கம்.