முதியோர் வார்டா? வேண்டாம் மேம்!

[திரையில்: நர்சிங் கல்லூரி அறிவிப்புப் பலகை. போஸ்டிங் பட்டியலில் பெயர் தேடும் விரல்கள்.]

வணக்கம். படிப்பு முடித்ததும் எந்த வார்டில் வேலை பார்க்க ஆசை என்று நர்சிங் மாணவிகளிடம் கேட்டுப் பாருங்கள். ஐ.சி.யூ. என்பார்கள், ஆபரேஷன் தியேட்டர் என்பார்கள், குழந்தைகள் வார்டு என்பார்கள். நான் பாடம் எடுத்த இத்தனை வருஷத்தில், முதியோர் வார்டு என்று தானாகச் சொன்ன ஒருத்தியைப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் இவர்களில் பலர் பாட்டி கையில் சோறு வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். போனில் பாட்டியின் குரல் கேட்டாலே கண் கலங்குகிறவர்கள். அப்புறம் எங்கே இடிக்கிறது?

[திரையில்: ஒரு கேள்வித்தாள்.]

1961-ல் நேதன் கோகன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். முதியவர்களைப் பற்றி 34 வாக்கியங்கள். பாதி நல்லவிதமாக இருக்கும், பாதி குறை சொல்லும். எவ்வளவு ஒத்துக்கொள்கிறோம் என்று குறிக்க வேண்டும். பல நாடுகளில் நர்சிங் மாணவர்களிடம் இன்றும் இதைக் கொடுக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அது கேட்பது முதியவர்களைப் பற்றி. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பற்றி அல்ல. என் மாணவிகள் முதல் விஷயத்தில் நல்ல மார்க் வாங்குவார்கள், இரண்டாவதைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

காரணம் முதல் போஸ்டிங்கிலேயே, அதாவது வார்டுக்குப் பயிற்சிக்குப் போகும்போதே, தொடங்குகிறது. டயப்பர் மாற்று, உடம்பு துடை, கஞ்சி கொடு என்று வேலை சொல்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லித் தருவதில்லை. பாடத்திட்டத்திலும் முதியோர் பராமரிப்பு தனிப் பாடமாக இல்லை, பெரியவர்களுக்கான நர்சிங் பாடத்துக்குள் ஓர் அலகு, அவ்வளவுதான். அதனால்தான், "இது ஆயா வேலை மேம், இதுக்கு எதுக்கு நாலு வருஷம் படிக்கணும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் கோபப்படுவதில்லை. ஆயாக்களின் உழைப்பை நாம் மதிக்கவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது, அது எனக்குத் தனி வருத்தம்.

சரி, படிப்பு எதற்கு என்று பார்ப்போம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய தாத்தா இன்று மகனையே யார் என்று கேட்கிறார். காய்ச்சல் இல்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் ஆபத்து. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், புதிதாகச் சேர்த்த மாத்திரையாகவும் இருக்கலாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போவார். நேற்றைய தாத்தாவுக்கும் இன்றைய தாத்தாவுக்கும் உள்ள வித்தியாசம், கூடவே இருக்கும் நர்ஸ் கண்ணில்தான் முதலில் படும்.

[திரையில்: சென்னை மருத்துவக் கல்லூரியின் பழைய சிவப்புக் கட்டடம்.]

இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில், 1996-ல். அதற்குப் பாடுபட்டவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாயிற்று. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 75 லட்சம் பேர். படுக்கை போட்டுவிடலாம், பக்கத்தில் விரும்பி நிற்க ஆள் வேண்டுமே.

வெளியே வேலைக்குப் போனாலும் நிலைமை சுலபமில்லை. வீட்டுக்கே போய் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று டூட்டி. படித்த நர்ஸிடம் பாத்திரத்தையும் கழுவச் சொல்லும் வீடுகள் உண்டு. மாணவிகளின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. சம்பளமும் மரியாதையும் மாறாமல் மனசை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வது தப்பு.

ஆனால் கல்லூரி கையில் இருப்பதையாவது செய்யலாம். இப்போது நான் ஒரு மாணவிக்கு ஒரே ஒரு முதியவர் என்று தொடர்ந்து சில நாள் ஒப்படைக்கிறேன்.

[திரையில்: கட்டில், பக்கத்தில் சின்ன இரும்பு அலமாரி.]

அப்படி ஒருத்தியிடம் ஒரு பாட்டி. சாப்பிட மறுக்கிறார் என்று சார்ட்டில் எழுதியிருந்தது. முதல் நாள் இட்லியைத் துப்பினார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இந்தப் பெண் அலமாரியைத் திறந்து பார்த்தாள். துணிப்பைக்குள், காகிதத்தில் சுற்றி, பாட்டியின் பல்செட்டு இருந்தது. அட்மிஷன் அன்று யாரோ கழற்றி வைத்தது. கழுவி மாட்டிவிட்டாள். பாட்டி ஒன்றரை இட்லி சாப்பிட்டார்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று அவள் கேட்டாள்: "மேம், பல்செட்டு, கண்ணாடி, காது மெஷின் எங்க இருக்குன்னு எழுத நம்ம அட்மிஷன் ஷீட்ல ஏன் இடமே இல்ல?"