ஐந்து கண் பாலமும் ஒரே அளவுகோலும்

நேயர்களுக்கு வணக்கம். இரும்பு ரயில் பாலம் ஒன்றின் நுணுக்கமான மாதிரியை ஐந்தாறு பேர் கூடிச் செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த வேலை பசை ஒட்டாததால் கெடுவதைவிட, ஆளுக்கொரு அளவு வைத்துக்கொள்வதால் கெடுவதே அதிகம்.

முதலில் விகிதம். ஸ்காட்லாந்தில் 1890-இல் திறந்த ஃபோர்த் பாலத்தின் பெரிய கண் ஒன்று, அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி, 521 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் செய்தாலும் அந்த ஒரு கண்ணுக்கே ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் அரை மீட்டரில் அடங்கிவிடும். ஆனால் அதன் 3.7 மீட்டர் குழாய் 3.7 மில்லிமீட்டர் ஆகிவிடும். மெல்லிய பின்னல் கம்பிகளைக் கையால் செய்யவே முடியாது. பாலத்தின் ஆக மெல்லிய உறுப்பு மாதிரியில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத விகிதமே கைக்கு அடங்கும்.

64 மீட்டர் கண், 10 மீட்டர் உயரம், எட்டுக் கட்டமுள்ள பிராட் டிரஸ் (நிமிர்ந்த, சாய்ந்த கம்பிகளால் ஆன பின்னல் சட்டம்) என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஒன்றுக்கு 64 சென்டிமீட்டர். ஒரு பக்கச் சட்டத்தில் கீழே 8 துண்டு, மேலே 6, முனைகளில் சாய்வுக் கால் 2, நிமிர்ந்தவை 7, மூலைவிட்டம் 6, ஆக 29. இணைப்புகள் 16, ஒவ்வொன்றுக்கும் உள்ளும் புறமும், துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கசெட் தகடு. ஐந்து கண் பாலத்துக்கு, இரு பக்கமும் சேர்த்து, 290 துண்டும் 320 தகடும் வேண்டும். தளமும், இரு பக்கச் சட்டங்களை மேலே இணைக்கும் மேல்கட்டும் இதில் சேரவில்லை.

ஆளுக்கொரு கண் என்று பிரித்துக்கொள்ளத்தான் தோன்றும். அப்படிச் செய்தால் ஐந்து பாலம் கிடைக்கும், ஒரு பாலம் கிடைக்காது. வேலையைப் பிரியுங்கள், கண்ணைப் பிரிக்காதீர்கள். வெட்டுபவர் எல்லாவற்றையும் வெட்டட்டும், ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் குமிழ்த்தலை ஆணி) போடுபவர் எல்லாத் தகட்டுக்கும் போடட்டும்.

ஒரு கட்டம் 80 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் 0.3 கூடினால் எட்டாவது கட்டத்தில் 2.4 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். கண் தூணில் உட்காராது. அதனால் கட்டம் கட்டமாக அளக்காமல், ஒரு முனையிலிருந்தே 80, 160, 240 என்று குறியுங்கள். அச்செடுத்த வரைபடத்தையும் நம்பிவிட வேண்டாம். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எஃகு ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்; அச்சு இயந்திரம் ஒரு திசையில் மட்டும் இழுத்திருக்கும். பலகையில், துண்டுகளை இடம் மாறாமல் பிடிக்கும் ஜிக் ஒரே ஒன்று செய்து, பத்துச் சட்டத்தையும் அதிலேயே இணையுங்கள். ஐந்தில் ரிவெட் முகம் மேலே, ஐந்தில் கீழே இருக்க வேண்டும். மறந்தால் எல்லாமே இடப்பக்கச் சட்டமாக வந்து நிற்கும்.

எல்லாத் துண்டும் ஒரே தடிமன் என்றால் விவரம் தெரிந்தவர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். 1887-இல் பொறியாளர் பெஞ்சமின் பேக்கர், ஃபோர்த் பாலத்தை விளக்க ஆட்களையே மாதிரியாக உட்கார வைத்தார். நாற்காலியில் இருந்த இருவரின் நீட்டிய கைகள் இழுவிசையைத் தாங்கின, கைப்பிடித்த கோல்கள் அமுக்குவிசையைத் தாங்கின. நடுவில் ஜப்பானியப் பொறியாளர் கைச்சி வாடனாபே அமர்ந்திருந்தார். நம் டிரஸிலும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும். மேல் நாண், அதாவது மேலே நீளவாக்கில் ஓடும் துண்டுகள், அமுங்குவது, அது பெட்டி வடிவில் பருமனாக இருக்கும். மூலைவிட்டங்கள் இழுபடுபவை, மெலிந்திருக்கும். அவற்றிலும் கண்ணின் முனைப்பக்கம் இருப்பவை தடிப்பு, நடுப்பக்கம் இருப்பவை மெலிவு.

22 மில்லிமீட்டர் ரிவெட்டின் தலை ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். நமக்கு 0.35. கால் மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் தாளைக் கவிழ்த்து, அடியில் சற்று மெத்தென்ற அட்டை வைத்து, முனை மழுங்கிய ஊசியால் அழுத்தினால் மறுபக்கம் குமிழ் எழும்பும். தகட்டை வெட்டிவிட்டு அழுத்தினால் ஓரம் பிதுங்கும். முதலில் குமிழ், பிறகு வெட்டு. ஒருவர் கை அழுத்தம் இன்னொருவருக்கு வராது, அதனால்தான் இதற்கு ஒரே ஆள்.

பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவத்தைத் தூரிகையால் தொட்டு வைத்தாலே இடுக்கில் ஓடிவிடும். மூடிய பெட்டிக்குள் அது சிக்கினால், சில வாரம் கழித்துச் சுவர் உள்ளே குழியும். கண்ணுக்குப் படாத பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டுவிடுங்கள். மேல்கட்டு வைக்கும் முன் உட்புறத்துக்கு வண்ணம் அடித்தாக வேண்டும், ஒட்டும் இடங்களை மறைத்துவிட்டு. வண்ணத்தின் மேல் ஒட்டு நிற்காது.

பலரும் கோட்டைவிடுவது, கண்ணின் முனை தூண்மேல் உட்காரும் தாங்கியில். 20 டிகிரி வெப்பம் ஏறினால் 64 சென்டிமீட்டர் பாலிஸ்டைரீன் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். அடிப்பலகை மரம் அப்படி நீளாது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்தால், இரு முனையும் இறுகிய கண் நெளியும், அல்லது ஒட்டு விடும். நிஜப் பாலத்தில் செய்வதையே செய்யுங்கள்: ஒரு முனை திருகில், மறுமுனை உருளைமேல் சும்மா உட்காரட்டும். அலங்காரத்துக்கு உருளையைச் செய்துவிட்டு அதையும் பசை போட்டு ஒட்டிவிடுபவர்கள் உண்டு.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஐந்து கண் மாதிரி 3.2 மீட்டருக்கு மேல். முழுதாக வாசலில் திரும்பாது. அடிப்பலகையை ஒரு கண்ணின் நடுவே பிரியும்படி செய்து, திருகைக் கழற்றினால் கண் கையோடு வந்துவிடும். மீண்டும் பூட்டும்போது கண் மாறிவிடாமல், திருகு முனையின் அடியிலும் அது உட்காரும் தூணின் தலையிலும் ஒரே எண்ணைக் கீறி வையுங்கள். பேனாவால் எழுதினால் வண்ணத்துக்கு அடியில் போய்விடும்.