முருகனைக் கும்பிடாத தமிழர்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் முருக பக்தன். ஒவ்வொரு ஆண்டும் தைப்பூசத்துக்கு முன் விரதம் இருந்து, காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேசப்போவது கடவுளை நம்பாதவர்களைப் பற்றி என்பதால், இவர் எந்தப் பக்கம் என்ற கேள்வி உங்களுக்கு வரும். என் நம்பிக்கை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நம் மொரீசியஸ் தீவில், நம் குடும்பங்களுக்குள்ளேயே இருக்கும் நம்பிக்கையில்லாதவர்களைப் பற்றி நாம் மனத்தில் வைத்திருக்கும் சித்திரம் அவர்களிடம் கேட்டு வரைந்தது அல்ல. நாமாகவே வரைந்துகொண்டது. கடந்த சில ஆண்டுகளாக அவர்களில் சிலரோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மனம் கேட்கிறது.

அந்தப் பழக்கம் மாஹேபூர் கடற்கரையில் தொடங்கியது. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறி நின்றதும், ஆகஸ்ட் முதல் வாரத்தில் அதன் எண்ணெய் கடலில் கலக்கத் தொடங்கியதும் உங்களுக்கு மறந்திருக்காது. ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய். யாரும் கூப்பிடாமலே ஊர் ஊராக மக்கள் கிளம்பி வந்தார்கள். கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, நீளமான மிதவைகளாகக் கட்டிக் கடலில் விட்டோம். நான் எங்கள் கோயில் இளைஞர்களோடு போயிருந்தேன். வேலையை ஆரம்பிக்கும் முன் நாங்கள் ஒரு திருப்புகழ் பாடினோம். எங்களுக்குப் பக்கத்தில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், பாட்டு முடியும்வரை கையை நிறுத்திவிட்டு அமைதியாக இருந்தார், ஆனால் கும்பிடவில்லை. பேச்சுக் கொடுத்தேன். ரோஸ் ஹில் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை அண்ணே, உங்கள் பாட்டு நன்றாக இருந்தது" என்றார். நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் சொன்னார். நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் கிரியோலில்தான், இங்கே உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

அன்று அவரோடு வந்திருந்த நண்பர்களும் பெரும்பாலும் அதே கருத்துக்காரர்கள். மாலைவரை சேர்ந்து தைத்தோம். பிறகு போனில் எழுதிக்கொண்டோம், வீடுகளுக்குப் போய்வந்தோம். இப்போது அவர்கள் என் நண்பர்கள்.

கடவுளை நம்பவில்லை என்று ஒருவர் சொன்னதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி, "உனக்கு என்ன நடந்தது?" என்பதுதான். ஏதோ ஒரு சாவு, ஏதோ ஒரு ஏமாற்றம், சாமி கைவிட்டுவிட்டார் என்ற கோபம், அதனால் இப்படி ஆகிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அந்த நர்ஸிடம் அதைத்தான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "ஒன்றும் நடக்கவில்லை அண்ணே. பள்ளிக்கூடம் போகிற வயதில் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுவேன். ஒரு கட்டத்தில், அந்தப் பக்கம் யாரும் கேட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததைத் தோன்றுகிறது என்று சொல்ல முடியவில்லை." கோபமில்லை, காயமில்லை. அம்மாவை வருத்தக்கூடாது என்று பல வருஷம் வெளியில் சொல்லாமலே இருந்திருக்கிறார். அந்த மௌனம்தான் அவருக்குப் பாரமாக இருந்ததாம்.

இரண்டாவதாக நாம் கேட்பது, "சாமி பயம் இல்லையென்றால் தப்புச் செய்யாமல் எது உன்னைத் தடுக்கும்?" என்பது. இந்தக் கேள்வியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த நர்ஸ் இரவுப் பணியில், சாகக் கிடக்கும் முதியவர்களுக்கு உடம்பு துடைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர். அவரிடம் இப்படிக் கேட்பது அநியாயம். அதைவிட முக்கியம், பக்தனாகிய எனக்கே இந்தக் கேள்வி பொருந்தாது. முருகனுடைய வேலுக்குப் பயந்துதான் நான் அடுத்தவர் பொருளைத் தொடாமல் இருக்கிறேனா? இல்லையே. முருகன் எனக்குக் காவல்காரன் இல்லை. நான் அவனிடம் அன்பு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பக்தியைப் பயமாகச் சுருக்கும் ஒரு கேள்வியை நாம் ஏன் மற்றவர்மேல் எறிய வேண்டும்?

அந்தக் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கரும்பாலை சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் மாதிரி மென்மையாகப் பேசமாட்டார். கோயிலுக்குச் செலவழிக்கும் பணம் வீண், அலகு குத்துவது அறியாமை என்று நேரடியாகச் சொல்லிவிடுவார். அவரோடு நான் விட்டுக்கொடுக்காமல் வாதாடியிருக்கிறேன். அலகு குத்துவதை வெளியில் நின்று பார்த்துவிட்டு அறியாமை என்று சொல்வது சரியில்லை, விரத நாட்களில் ஒரு மனிதனுக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள் என்றேன். கேட்டார். நிஜமாகவே உட்கார்ந்து கேட்டார். அப்புறம் ஒரு கேள்வி போட்டார்: "மலை ஏறும்போது உங்களுக்கு வரும் அந்த நிலை முருகனால் வருகிறதா, பசியாலும் களைப்பாலும் வருகிறதா, எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்?" எங்கள் கோயிலில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

நான் மணிமேகலையைத் துணைக்கு அழைத்தேன். வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டு வரும்போது, கண்ணால் காண்பதைத் தவிர வேறு எதையும் ஏற்காத பூதவாதியையும் சந்திக்கிறாள். உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று அவனிடம் கேட்கிறாள். அதை அப்படியே பெரியவரிடம் சொன்னேன். "இப்போது மரபணுச் சோதனை இருக்கிறதே ஐயா" என்றார். அந்த வாதம் அவரிடம் செல்லவில்லை. பிறகு நான் யோசித்துச் சொன்ன பதில் இது: முருகன் எனக்குக் கணக்குப் போட்டுக் கிடைத்த விடை அல்ல, நான் வாழ்கிற ஓர் உறவு. உங்களுக்கு நிரூபித்துக் காட்ட என்னிடம் ஒன்றும் கிடையாது. அவர் சொன்னார், "சரி, அப்படியானால் காட்ட முடியாததை ஏற்றுக்கொள் என்று என்னை வற்புறுத்தக்கூடாது." அதுவும் நியாயம்தான். என் பக்தியை நானே தெளிவாகப் புரிந்துகொள்ள அந்தப் பெரியவர் உதவியிருக்கிறார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் முன்னோர்கள் இந்தப் பேச்சுக்கு அஞ்சியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பாடினார். பிற கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கும் அதன் பரபக்கம் என்ற பகுதியில், கடவுள் இல்லை, வேறு உலகம் இல்லை என்று சொல்லும் உலகாயதனுக்குத்தான் முதல் இடம். அவன் கொள்கையை அவன் சொல்வதாகவே எடுத்து வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் மறுப்பு. மறுக்க விரும்புகிறவன் முதலில் எதிராளியின் சொல்லைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சைவ மரபு. போன நூற்றாண்டிலும் குன்றக்குடி அடிகளாரும் தந்தை பெரியாரும் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். ஒருவர் திருமடத்தின் தலைவர், மற்றவர் வாழ்நாள் முழுவதும் கடவுள் மறுப்பைப் பேசியவர்.

ஆனால் தமிழ்நாட்டு நிலைமை வேறு, நம் நிலைமை வேறு. அங்கே கடவுளை நம்பாத ஒருவருக்கு நிற்க இடம் உண்டு. மொழி இருக்கிறது, இயக்கம் இருக்கிறது, அவருடைய தமிழ் அடையாளத்தை யாரும் பறித்துவிட முடியாது. இங்கே? லபூர்தொனே ஆளுநராக இருந்த 1730, 40களில் பாண்டிச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தோம். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தோம். தோட்டங்களில் நமக்கென்று இருந்தது கோயில் ஒன்றுதான். பள்ளி, பஞ்சாயத்து, உறவினர் கூடும் இடம் எல்லாம் அதுவே. பேச்சுமொழி கிரியோலாக மாறிவிட்டது. நம்மைத் தமிழர் என்று காட்டுவது இன்று காவடி, தீமிதி, புரட்டாசி விரதம், வாழையிலையில் பரிமாறும் ஏழு கறி, கல்யாணச் சடங்கு, கருமாதி. குடிக்கணக்குக்காரர் வந்து மதம் என்ன என்று கேட்டால் நம்மில் எத்தனையோ பேர் 'தமிழ்' என்றே பதில் சொல்கிறோம். 2011 கணக்கில், மதம் எதுவும் இல்லை என்று சொன்னவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த நிலையில் ஒரு தமிழ்ப் பையன் எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்றால், நான் உங்களில் ஒருவன் இல்லை என்று அவன் சொன்னதாகவே வீட்டுக்காரர்கள் காதில் விழுகிறது. அவன் விட்டது ஒரு நம்பிக்கையை. நாம் அவனிடமிருந்து எடுத்துக்கொள்வது பாட்டி, பண்டிகை, மொழி, ஊர் எல்லாவற்றையும். நம் அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது, மதத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதில் அடங்கும். சட்டம் கொடுத்ததை வீடு கொடுக்கவில்லை.

அந்த நண்பர்களில் ஒரு இளைஞர். ஒரே மகன். அவருடைய அப்பா இறந்தபோது நான் போயிருந்தேன். கொள்ளி வைக்க வேண்டும், மொட்டை போட வேண்டும், கருமாதியன்று பிண்டம் வைக்க வேண்டும். இந்தச் சோறு அப்பாவைப் போய்ச் சேரும் என்று அவர் நம்பவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் செய்தார். ஐயர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னார். ஏன் தம்பி என்று பின்னால் கேட்டேன். "அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்களே மாமா" என்றார். அவருக்கு வலித்தது சடங்கு அல்ல. கருமாதி முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது உறவினர்கள், "பார்த்தாயா, அப்பா செத்ததும் சாமி நினைப்பு வந்துவிட்டது" என்று பேசிக்கொண்டார்களாம். அம்மாவின்மேல் வைத்த அன்பினால் அவர் செய்ததை, அவரிடமே கேட்காமல் வேறு கணக்கில் எழுதிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் அழுதார். நானும் அழுதேன். அந்த உறவினர்களில் சிலர் எனக்கும் வேண்டியவர்கள். போய்ப் பேசினேன். ஒருவர் புரிந்துகொண்டார், மற்றவர்கள் என்னையே சந்தேகமாகப் பார்த்தார்கள்.

எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். மலை உச்சியில் பால்குடம் இறக்கும் நேரத்தில் எனக்குக் கிடைக்கும் நிறைவு அந்த நர்ஸ் தங்கச்சிக்கும் கிடைக்க வேண்டும் என்று மனம் ஏங்கத்தான் செய்கிறது. அவருக்காக முருகனிடம் வேண்டிக்கொள்கிறேன். அதை அவரிடம் சொன்னேன். "வேண்டிக்கொள்ளுங்கள் அண்ணே, சந்தோஷம். ஆனால் நான் மாற வேண்டும் என்று வேண்டாதீர்கள், என் இடுப்பு வலி தீர வேண்டும் என்று வேண்டுங்கள்" என்றார். அப்படியே செய்கிறேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒருநாள் உங்களிடம் வந்து, எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை என்று சொன்னால், உடனே சாமி பார்க்கிறவரிடம் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். கூட்டாளி கெடுத்துவிட்டான் என்று சொல்லாதீர்கள். நீ தமிழனே இல்லை என்ற வார்த்தையை மட்டும் எந்தக் கோபத்திலும் வாயில் விடாதீர்கள். எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது என்று கேட்டு, பதிலை முழுசாகக் கேளுங்கள். பிள்ளை உங்களை நம்பித்தான் அதைச் சொல்கிறது.

இன்னொரு விஷயம். எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது. நர்ஸ் தங்கச்சியின் மகளுக்குத் தமிழ் படிக்க ஆசை. ஆனால் வகுப்பில் சேரும் பிள்ளை பூசையில் நின்று திருநீறு பூசிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வழக்கம் இருப்பதால் அம்மா அனுப்பத் தயங்குகிறார். விரும்பாத பிள்ளை பூசை நேரத்தில் வகுப்பறையில் இருந்துகொள்ளலாம், திருப்புகழோடு சங்கப் பாட்டும் கற்பிக்கலாம் என்று வருகிற பொதுக்கூட்டத்தில் நான் தீர்மானம் கொண்டுவருகிறேன். எதிர்ப்பு இருக்கும், தெரியும். எங்கள் கோயில் உறுப்பினர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.