கழிவறையில் மாம்பழ வாசம்

வணக்கம். சிங்கப்பூரில் முப்பது வருஷம் கிடங்குகளில் மேற்பார்வை பார்த்தவன் நான். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையிடத்தில் மின்சிகரெட்டை எப்படி விடவைப்பது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். 2018 பிப்ரவரியிலிருந்து வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, கையில் வைத்திருப்பதே இங்கே குற்றம். 2025 செப்டம்பரில் அபராதம் ஏறி, பெரியவர்களுக்கு முதல் தடவையே 700 சிங்கப்பூர் வெள்ளி ஆனது. எட்டோமிடேட் கலந்த வேப், அதாவது கேபோட், அப்போது போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே போனது. எட்டோமிடேட் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிற மருந்து, யோசித்துப் பாருங்கள். ஆனால் சட்டம் பயமுறுத்தும், கூட உட்கார்ந்து விடவைக்காது.

எங்கள் கிடங்குக் கழிவறையில் ஒருநாள் மாம்பழ வாசம். அங்கே போய் யார் மாம்பழம் சாப்பிடுவார்கள்? பழ வாசனை சேர்த்த வேப்தான். நோட்டீஸ் ஒட்டினேன், வாசம் படிக்கட்டுக்குப் போனது. படிக்கட்டில் ஒட்டினேன், லாரி ஏற்றும் மேடைக்குப் பின்னால் போனது, போகிற வழியில் மாம்பழம் தர்பூசணி ஆகிவிட்டது. கடைசியில் பைகளைச் சோதித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது, கிடைத்ததெல்லாம் பையன்களின் மதியச் சோறுதான்.

அப்புறம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தம்பி ஒருவன் தானாகவே வந்தான். "அண்ணே, சிகரெட்டை விடத்தான் இதை எடுத்தேன். சிகரெட் ஒண்ணு முடிஞ்சா முடிஞ்சது. இது முடியவே மாட்டேங்குது" என்றான். உண்மைதான். இதில் நிக்கோட்டினை உப்பாக்கிச் சேர்ப்பதால், அளவு கூடினாலும் தொண்டை எரிவதில்லை. சட்டைப்பையிலேயே கிடக்கிறது, அணைக்க வேண்டியதும் இல்லை. உடம்பில் ஏறிய நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், உடனே கை பைக்குப் போகும்.

இன்னொன்றும் சொன்னான், அதுதான் என்னை உலுக்கியது. "சிகரெட் பிடிக்கிறவங்க புகைக்கிறதுக்குன்னு மஞ்சள் கோடு போட்ட இடத்துல போய் பத்து நிமிஷம் நிக்கிறாங்க, நீங்க ஒண்ணும் சொல்றதில்ல. விட்டவனுக்கு அந்தப் பத்து நிமிஷம் தர்றீங்களா அண்ணே?"

முதலாளிமார்களே, அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுங்கள். ஆசை தலைக்கேறினால் பெரும்பாலும் சில நிமிஷங்களில் அதுவே தணியும். அதுவரைக்கும் ஒரு நடை, பாலில்லாத டீயாக ஒரு தே ஓ, பேச ஒரு ஆள். எங்கே போனாய் என்று கேட்காதீர்கள். அந்தத் தம்பிக்கு, விட்ட முதல் மூன்று நாளும் ஃபோர்க்லிஃப்ட் வேண்டாம் என்று லேபிள் ஒட்டுகிற வேலைக்கு மாற்றினேன், ஏனென்றால் அந்த நாட்களில்தான் எரிச்சலும் கவனச் சிதறலும் உச்சம். இரண்டு தடவை நழுவினான். இரண்டாவது தடவை அவனே வந்து சொன்னான், நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறுபடி மாம்பழ வாசம்தான். ஆகவே அந்தப் பத்து நிமிஷம், மறக்காதீர்கள்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்யலாம் என்று குறித்து வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்டை, மெல்லும் கம் எல்லாம் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பிடிபடுவதற்கு முன் தானாக உதவி கேட்டுப் போகிறவர்களுக்குத் தண்டனை இல்லை என்று 2025இல் அரசாங்கமே சொல்லியிருக்கிறது. கூப்பிட வேண்டிய எண் 1800 438 2000. எழுதிக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை, 1800 438 2000. வணக்கம்.