நீதி கதையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம்.

இளையோருக்கு நற்பண்பையும் பொறுப்பையும் சொல்லித்தருகிற அறிவியல் புனைகதை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் ஒரு கதை எழுதுங்கள் என்றால் பலருக்கு உடனே ஒரு ரோபோதான் தோன்றும். ரோபோ பள்ளிக்கு வரும். ஒரு பையன் பொய் சொல்வான். ரோபோவின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும். பையன் தலைகுனிவான். ‘ஆகவே குழந்தைகளே’ என்று கடைசிப் பத்தி ஆரம்பிக்கும்.

இந்தக் கதையில் ரோபோவைத் தூக்கிவிட்டு ஒரு பேசும் கிளியை உட்கார வைத்துப் பாருங்கள். ஒரு வரிகூட மாறாது. அப்படியானால் அது கிளிக்கதை. விஞ்ஞானம் அங்கே வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். இன்னொரு சோதனையும் செய்யலாம். கடைசிப் பத்தியை வெட்டிவிட்டுப் படியுங்கள். நீதி காணாமல் போய்விட்டதா? அது கதைக்குள் இருக்கவே இல்லை என்று அர்த்தம். மருந்தில் தேன் தடவிக் கொடுக்கிறோம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடும். நாமும் அந்த வயதில் அதைத்தான் செய்தோம்.

என் கட்சி இதுதான்: விஞ்ஞானக் கதையில் அறம் அந்த உலகத்தின் இயற்பியலிலிருந்தும் வேதியியலிலிருந்தும் தூரங்களிலிருந்தும் முளைக்க வேண்டும். பாத்திரங்களின் பிரசங்கத்திலிருந்து முளைக்கக் கூடாது. பெரிய பேச்சாகத் தெரிகிறதா? சரி, ஒரு கதையை இங்கேயே கட்டிப் பார்ப்போம்.

செவ்வாய் நமக்கு மிக அருகே வரும்போது சுமார் 5.5 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மிகவும் விலகிப் போனால் 40 கோடி. ஒளியோ ரேடியோ அலையோ நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஆக, அங்கிருந்து ஒரு கேள்வி பூமிக்கு வந்துசேரவே 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். பதில் போய்ச்சேர அதே அளவு இன்னொரு முறை. எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. எழுத்தாளருக்கு இது வரப்பிரசாதம். ‘பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்கிற வசதி தானாகவே பறிபோய்விடுகிறது அல்லவா?

இப்போது செவ்வாயில் ஒரு சிறு குடியிருப்பு. ஆறேழு பெரியவர்கள், ஒரு பதினான்கு வயதுப் பெண். அங்கே செடி வளர்க்க ஓர் அறை. ஒரு நாள் அந்த அறையில் புகை அலாரம் அடிக்கிறது. மூடிய குடியிருப்பில் தீ என்றால் விளையாட்டில்லை. கடைசி வழி ஒன்று உண்டு: அறையை அடைத்து, அதன் காற்றை வெளியே விட்டுவிட வேண்டும். தீ அணையும். கூடவே செடிகளும் சாகும். பல மாதத்துச் சாப்பாடு போய்விடும். கேமராவில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. முடிவெடுக்க இரண்டு நிமிடம் இருக்கிறது. பூமியிலிருந்து பதில் வர நாற்பது நிமிடம் ஆகும்.

தலைவி கேட்கிறார்: “அந்த சென்சாரை யார் சுத்தம் செய்தது?” பதிவேட்டில் இருக்கிறது, காலையில் சுத்தம் செய்யப்பட்டது என்று. எழுதியது அந்தப் பெண்தான். ஆனால் அவள் சுத்தம் செய்யவில்லை. சோம்பல். டிக் அடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

செவ்வாயின் தூசி மிக நுண்ணியது. எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். தூசி படிந்தால் புகை சென்சார் பொய்யாக அலறும். நம் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே அப்படி நடந்திருக்கிறது. ஆக, இது தீயாக இல்லாமல் இருக்கலாம் என்று அந்தக் குடியிருப்பில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறந்தால் செடிகள் பிழைக்கலாம். திறக்காவிட்டால் காற்று வெளியேறிவிடும், எல்லாரும் பட்டினியைச் சமாளிப்பார்கள், அவள் மீது யாருக்கும் சந்தேகமே வராது.

இங்கே உண்மை பேசுவது நல்ல பழக்கம் என்கிற அளவில் நிற்கவில்லை, கவனித்தீர்களா? அது முடிவெடுப்பதற்குத் தேவையான ஒரு தகவல். அது இல்லாமல் தலைவி தப்புக் கணக்குத்தான் போடுவார். அதைவிட முக்கியமான முடிச்சு ஒன்று உண்டு. சென்சாரில் தூசி இருக்கிறது என்பதாலேயே தீ இல்லை என்று ஆகிவிடாது. அவள் உண்மையைச் சொல்லி, அதை நம்பி அவர்கள் காத்திருந்து, நிஜமாகவே தீயாக இருந்துவிட்டால்? உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று கிளிக்கதை உத்தரவாதம் கொடுக்கும். இந்தக் கதையால் கொடுக்க முடியாது. பெண் பேசினால், என்ன ஆகும் என்று தெரியாமல்தான் பேச வேண்டும். வாசிக்கிற பிள்ளைக்கும் அதே வயிற்றைப் பிசைகிற இரண்டு நிமிடம் கிடைக்கும். ‘பொய் சொல்லக் கூடாது’ என்று நாம் எங்கேயும் எழுதத் தேவையில்லை.

அடுத்து, வில்லன் சமாச்சாரம். வெள்ளைக் கோட்டும் கலைந்த தலையுமாக ஒரு விஞ்ஞானி உலகத்தை அழிக்கத் திட்டம் போடுவார், சிரிப்பார். இந்த ஆளை நம் கதைகளிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். இவரால் ஒரு பெரிய தீமை உண்டு. ‘நான் இவரைப் போல இல்லை, ஆகவே என்னால் கெடுதல் வராது’ என்று வாசகன் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவான்.

நிஜ விஞ்ஞான வரலாற்றில் இதைவிடச் சிக்கலான ஆட்கள் இருக்கிறார்கள். தாமஸ் மிட்ஜ்லி என்று ஓர் அமெரிக்கர், 1944இல் இறந்தவர். அந்தக் காலத்துக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவற்றைப் பயன்படுத்தினார்கள். கசிந்தால் ஆபத்து, மனிதர்கள் செத்திருக்கிறார்கள். மிட்ஜ்லியின் குழு 1920களின் கடைசியில் அதற்கு மாற்றாக குளோரோஃபுளோரோகார்பன் என்கிற வகையில் ஒரு சேர்மத்தைக் கொண்டுவந்தது. எரியாது, நச்சும் இல்லை. 1930இல் வேதியியலாளர்கள் கூடிய அவையில் மிட்ஜ்லி அந்த வாயுவை உள்ளிழுத்து, அதை ஊதியே ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். கைத்தட்டல் கேட்டிருக்கும். கேட்க வேண்டியதுதான், அவர் உயிர்களைக் காப்பாற்ற வந்தவர்.

எதோடும் சேராத அந்தச் சாதுவான குணம்தான் பிறகு வினையானது. கீழே எதுவும் அதைச் சிதைக்கவில்லை. அதனால் மெல்ல மெல்ல மேலே போய், அடுக்கு மண்டலத்தில் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, குளோரினை அவிழ்த்துவிட்டது. அந்தக் குளோரின் ஓசோனைத் தின்றது. ரோலண்டு, மொலினா என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதை எச்சரித்தது 1974இல். அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் மெலிந்துபோனதை வேறு விஞ்ஞானிகள் அளந்து வெளியிட்டது 1985இல். இதில் வில்லன் யார்? யாரும் இல்லை. கேள்வி கேட்க அரை நூற்றாண்டு தாமதமானது, அவ்வளவுதான்.

ஆனால் கதை இங்கே முடிந்தால் மிட்ஜ்லி பாவம் என்று போய்விடலாம். அதே மனிதர்தான் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் முறையையும் 1921இல் கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு என்பது அப்போது யாருக்கும் புதிய செய்தி அல்ல. அந்த வேலையால் 1923இல் அவருக்கே ஈய நச்சு ஏறி, ஓய்வெடுக்கப் போக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, தயாரிப்பு ஆலையில் தொழிலாளர்கள் இறந்து பெரிய பேச்சானபோது, அவர் பத்திரிகையாளர்கள் முன்னால் அந்தத் திரவத்தைத் தம் கையில் ஊற்றிக்கொண்டு ஆபத்தில்லை என்று காட்டினார். உலகத்தில் ஈயம் கலந்த பெட்ரோலைக் கார்களுக்கு விற்பது கடைசியாக 2021இல்தான் நின்றது.

ஒரே ஆள், இரண்டு மேடை வித்தை. ஒன்றில் அவருக்குத் தெரியாது. இன்னொன்றில் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பதிமூன்று வயதுப் பிள்ளையால் பிடித்துக்கொள்ள முடியும்; நாம் விளக்க வேண்டியதில்லை. பொறுப்பு என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் கற்பனைப் பாத்திரத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதுங்களேன்: நல்ல எண்ணத்தோடு ஒன்றைச் செய்கிற இளைஞன், கெடுதலின் முதல் அறிகுறி தெரிகிற நாள், அன்று அவன் அறிக்கையில் எழுதுகிற வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தில் கதை இருக்கிறது.

ஓசோன் விஷயத்தில் இன்னொரு பாதியும் உண்டு. அதைப் பலர் எழுதுவதே இல்லை. இப்படி ஓசோனைத் தின்கிற சேர்மங்களைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. பிறகு உலக நாடுகள் எல்லாம் சேர்ந்தன. இப்போது ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. பூமி அழிந்துவிட்டது, நாலு பேர் மட்டும் மிச்சம் என்று ஆரம்பிக்கிற கதைகள் இளையோருக்கு நிறைய வந்துவிட்டன. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது என்றால் பொறுப்புக்கு அங்கே என்ன வேலை? ரிப்பேர் செய்கிறவர்களின் கதையும் வேண்டும். அது சலிப்பான வேலை: அளக்க வேண்டும், கூட்டங்களில் உட்கார வேண்டும், விற்கிறவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். அதைச் சுவாரசியமாக எழுதுகிறவர்தான் கெட்டிக்காரர்.

இன்னும் பிறக்காதவர்களிடமும் பார்க்காதவர்களிடமும் நமக்குக் கடமை உண்டா என்று பிள்ளைகளைக் கேட்டால் கொட்டாவி விடுவார்கள். காசினியைப் பற்றிச் சொல்லுங்கள். 1997இல் கிளம்பிய விண்கலம். சனியின் துணைக்கோள் என்செலடஸிலிருந்து நீர்த்துகள்கள் பீறிடுவதைக் கண்டது; பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கிறது என்று தெரிந்தது. எரிபொருள் தீரப்போகிற நேரத்தில் ஒரு கவலை வந்தது. கட்டுப்பாடு இழந்த கலம் என்றாவது ஒரு நாள் அந்தத் துணைக்கோளில் மோதினால், பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர்கள் அங்கே இறங்கிவிடலாம். அங்கே உயிர் இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. இருக்கலாம், அவ்வளவே. அந்த ‘இருக்கலாம்’ என்பதற்காக 2017 செப்டம்பர் 15 அன்று கலத்தைச் சனியின் வளிமண்டலத்துக்குள் செலுத்தி எரித்துவிட்டார்கள். பல ஆண்டு அதோடு வாழ்ந்தவர்கள் தங்கள் கையாலேயே அனுப்பிய கட்டளை அது. இதை அப்படியே எழுதினாலே பாதிக் கதை.

இதெல்லாம் படித்து எவனாவது திருந்தியிருக்கிறானா என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எச்.ஜி. வெல்ஸ் 1914இல் ஒரு நாவலில் அணுகுண்டு என்ற ஒன்றைக் கற்பனை செய்தார். லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளர் 1932இல் அதைப் படித்தார். மறு ஆண்டு லண்டனில் அணுக்கருத் தொடர்வினை சாத்தியம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1934இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர், பிறகு அது வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்தார். இது எங்கே போய் முடியும் என்பதை அவர் கதையில் ஏற்கெனவே படித்திருந்தாரே!

ஆனால் 1939இல் ஜெர்மனி முந்திக்கொள்ளுமோ என்ற பயத்தில், ஐன்ஸ்டீன் கையெழுத்தோடு அமெரிக்க அதிபருக்குக் கடிதம் போகக் காரணமாக இருந்தவரும் அவரே. 1945இல் குண்டைப் போட வேண்டாம் என்று சக விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கி மனு எழுதியவரும் அவரே. மனு பலிக்கவில்லை. ஆக, நாவல் அவரைப் புனிதராக்கிவிடவில்லை. தான் செய்வது எப்படிப்பட்ட காரியம் என்று தெரியாத மாதிரி நடந்துகொள்ள முடியாமல் செய்துவிட்டது. ஒரு கதையிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை என்பேன்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் விடமாட்டீர்கள். வீட்டுப்பாடத்தை மெஷினிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளும் பையன் கதை ஏராளமாக வரும். அது பழைய காப்பியடித்தல் கதைதான். ரோபோக்களுக்கு அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவ் 1942இலேயே மூன்று விதிகள் எழுதிவைத்தார். ஆனால் அவருடைய கதைகள் சுவாரசியமாக இருப்பது அந்த விதிகள் சிக்கிக்கொள்கிற இடங்களில்தான். அதையே நீங்களும் பிடியுங்கள். ஒரு பெண் தன் வகுப்புத் தோழர்களின் பேச்சுகளைக் கொடுத்து ஒரு மெஷினைப் பழக்குகிறாள். அது ஒருவனைக் கேலி செய்யக் கற்றுக்கொள்கிறது. யாருடைய வாய் அது? இப்படி ஆரம்பித்தால் எங்காவது போய்ச்சேரலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கதை முடிந்ததும் ‘இக்கதையின் நீதி’ என்று ஒரு பெட்டி போடுங்கள் என்று பதிப்பகத்தார் கேட்பார்கள். சண்டை போட வேண்டாம். அந்தப் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நீதியை எழுதாமல், கதையில் எது மெய், எது உங்கள் கற்பனை என்று எழுதுங்கள். செவ்வாயிலிருந்து செய்தி வர ஆகும் நேரம் மெய். தூசியால் அலாரம் அடிப்பது மெய். குடியிருப்பும் தலைவியும் கற்பனை. செடிகள் எத்தனை மாதத்துக்கு உணவு தரும் என்பது நீங்கள் குத்துமதிப்பாகப் போட்டது என்றால் அதையும் அங்கே எழுதிவிடுங்கள். யாராவது ஒரு பிள்ளை கணக்குப் போட்டு, நீங்கள் போட்டது தப்பென்று கடிதம் எழுதினால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நன்றி.